சாஸர் படித்த கதை

"ஸார், அந்தப் பாட்டை ஒரு தரம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்களேன்" என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அது 1974-ஆம் வருஷம். நாவல் எழுதிப் பிழைக்கலாம் என்ற அசட்டுத் தைரியம் எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வெளியூர்க் கல்லூரி ஒன்றின் ஆங்கிலப் பகுதியில் டியூட்டராக இருந்தேன். மூத்தவர்கள் ஷேக்ஸ்பியரையும் ஷெல்லியையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாகப் போய்ச் சேர்ந்த என் தலையில் சாஸர் விழுந்தார். 'கான்டர்பரி கதைகள்' என்ற அவருடைய காவியத்தின் முகவுரையை பி. ஏ. வகுப்புக்கு நான் நடத்த வேண்டும்.

நடத்துவது என்றால் என்ன? எனக்கு எப்படி நடத்தினார்களோ, அப்படித்தான். 'சாஸரின் காலம்', 'சாஸரின் நகைச்சுவை', 'சாஸரின் பாத்திரப் படைப்பு' என்று தலைப்புப் போட்டு நோட்ஸ் சொல்லிக்கொண்டே போவேன். பையன்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வருவார்கள். மணி அடித்தால் அரை வாக்கியத்தில் நிறுத்தி, மறுநாள் அடுத்த அரை வாக்கியத்தில் தொடங்குவேன். இப்படி மூன்று மாதம் சாஸரை நடத்தியும் சாஸர் எழுதிய ஓர் அடிகூட அந்த வகுப்பறையில் ஒலிக்கவில்லை. இதை நான் கவனிக்கவே இல்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் கவனித்துவிட்டான்.

"அது பரீட்சைக்கு வேண்டியதில்லை, உட்காரப்பா" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். உண்மை என்னவென்றால், எனக்குப் படிக்கத் தெரியாது. எம். ஏ. பரீட்சையில் சாஸரின் நகைச்சுவையைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவன் நான். ஆனால் அந்த அறுநூறு வருஷத்துப் பழைய ஆங்கிலத்தை எப்படி உச்சரிப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்தால் இன்றைய ஆங்கிலம் மாதிரியும் இருக்கும். இல்லாத மாதிரியும் இருக்கும். இன்றைய உச்சரிப்பில் படித்தால் ஓசை நொண்டும். இவ்வளவு பெரிய கவி இப்படி நொண்டியடித்தா எழுதினான் என்ற சந்தேகம் மாணவனாக இருந்தபோதே எனக்கு உண்டு. சந்தேகத்துக்கு மார்க் கிடையாது என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்தவன், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். 1985-இல் தீயில் போய்விட்ட அந்த மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளை அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அங்கே மூன்று ரூபாய்க்கு ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. ஸ்கீட் என்பவர் மாணவர்களுக்காகப் பதிப்பித்து 1895-இல் வெளிவந்த சாஸர் நூல் தொகுதி. யாரோ ஒரு பழைய மாணவர் பக்க ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதி வைத்திருந்தார். சில சொற்களுக்குப் பொருள் தமிழில் இருந்தது. ஓர் இடத்தில், ஒரு சொல்லின் கடைசி எழுத்தை வட்டமிட்டு, 'குற்றியலுகரம் போல' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொற்கள்தாம் எனக்குக் கதவைத் திறந்தன. அவர் யாரோ எனக்குத் தெரியாது. என் முதல் சாஸர் ஆசிரியர் அவர்தான்.

அவர் சொல்ல வந்தது இதுதான். சாஸர் காலத்து ஆங்கிலத்தில் பல சொற்கள் 'எ' என்ற ஒரு மெல்லிய ஒலியில் முடியும். இன்று நாம் 'நேம்' என்று சொல்லும் சொல்லை அவர் ஏறக்குறைய 'நாமெ' என்று சொன்னார். 'டைம்' என்பது அன்றைக்கு 'டீமெ'. இன்றைய எழுத்தில் அந்தக் கடைசி எழுத்து இருக்கிறது, ஒலி இல்லை. அன்றைக்கு ஒலியும் இருந்தது. அடிக்குப் பத்து உயிரொலி என்பது சாஸரின் கணக்கு. கடைசியில் ஒன்று மிகுந்தால் பதினொன்று. இந்த 'எ'யைச் சொல்லாமல் படித்தால் பத்து எட்டாகிவிடும், அடி நொண்டும். சொல்லிப் படித்தால் கணக்குச் சரியாக வரும். அதோடு இன்னொன்று. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் இந்த 'எ' அதில் கரைந்து மறைந்துவிடும். 'நாடு' என்ற சொல்லோடு 'என்றான்' சேர்ந்தால் 'நாடென்றான்' ஆகவில்லையா? நன்னூல் படித்த எவனுக்கும் இது புதிதல்ல. இவ்வளவு எளிய விஷயத்தைத்தான் எம். ஏ. வரை படித்த எனக்கு எந்த நோட்ஸும் சொல்லவில்லை.

ஆனால் இதில் வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆங்கிலேயர்களே இருநூறு வருஷத்துக்கு மேல் தங்கள் ஆதி கவியைப் படிக்கத் தெரியாமல்தான் இருந்தார்கள்.

சாஸர் லண்டனில் ஒயின் வியாபாரி ஒருவரின் மகன். பிரெஞ்சு யுத்தத்தில் சிறைப்பட்டு, 1360-இல் பணம் கொடுத்து மீட்கப்பட்டவர். அந்தப் பணத்தில் பதினாறு பவுன் அரசர் கொடுத்தது. 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்க அதிகாரியாகக் கணக்கு எழுதினார். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றது முதல் அரண்மனைக்கு மொழி பிரெஞ்சு. கோயிலுக்கும் கல்விக்கும் மொழி லத்தீன். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று 1362-இல்தான் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையும் பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! சாஸரின் நண்பர் கவர் என்ற கவிஞர் எதற்கும் இருக்கட்டும் என்று பிரெஞ்சில் ஒன்று, லத்தீனில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என மூன்று பெரிய காவியங்களை எழுதி வைத்தார். சாஸர் கடைத்தெருவில் பேசிய ஆங்கிலத்தையே நம்பினார்.

நம்பியதற்குக் கிடைத்த பலன் விசித்திரமானது. அவர் 1400-இல் இறந்தார். அதன் பிறகு மொழி அவர் காலடியிலிருந்து நழுவியது. கடைசி 'எ' ஒலி மறைந்தது. அதோடு அடுத்த இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் மாறின. 'நாமெ' 'நேம்' ஆனதும் 'டீமெ' 'டைம்' ஆனதும் அப்படித்தான். எழுத்து மட்டும் பெரும்பாலும் பழையபடியே நின்றது. ஏட்டில் சாஸர் இருந்தார், காதில் இல்லை.

ஏட்டிலும் சிக்கல் உண்டு. அச்சு வருவதற்கு முன் கையால் எழுதியவர்கள் இஷ்டம் போல் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதினார்கள். 'கான்டர்பரி கதைக'ளுக்கு எண்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. ஒன்று போல் ஒன்று இல்லை. இங்கிலாந்துக்கு அச்சு யந்திரத்தைக் கொண்டுவந்த காக்ஸ்டன் அந்த நூலை முதலில் அச்சிட்டபோது, வாங்கிப் படித்த ஒருவர் அவரிடம் வந்து, "இது சாஸர் எழுதியபடி இல்லை, என் தகப்பனாரிடம் நல்ல பிரதி இருக்கிறது" என்று முறையிட்டாராம். காக்ஸ்டன் நல்ல மனிதர். அந்தப் பிரதியை வாங்கி ஒப்பிட்டு, 1483-இல் இரண்டாம் பதிப்புப் போட்டார். இந்தக் கதையை அந்தப் பதிப்பின் முன்னுரையில் அவரே சொல்கிறார்.

1700-இல் மகாகவி டிரைடன் சாஸரின் கதைகள் சிலவற்றைத் தம் காலத்து ஆங்கிலத்தில் திரும்ப எழுதினார். சாஸரிடம் அவருக்கு அளவற்ற மரியாதை. ஆனாலும், 'பாவம், அந்தக் காலத்தில் யாப்புக் கைவரவில்லை. பல அடிகள் குறைபட்டு நிற்கின்றன' என்பது அவர் முடிவு. 'குறை சாஸரிடம் இல்லை, நம் காதில்தான்' என்று முன்பே ஒரு பதிப்பாசிரியர் சொல்லியிருந்தார். டிரைடன் அதைச் சிரித்து ஒதுக்கினார். காது பழுது என்று சொன்னால் எந்தக் கவிதான் ஒப்புக்கொள்வான்?

குறை காதில்தான் என்று நிரூபித்தவர் கவியும் அல்ல, பேராசிரியரும் அல்ல. டிர்விட் என்று ஒருவர். பாராளுமன்றத்தில் குமாஸ்தாத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரதிகளை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக எண்ணினார். கடைசி 'எ'யைச் சொன்னால் அடிகள் நிமிர்கின்றன என்று கண்டார். அவருடைய பதிப்பு 1775-இல் வந்தது. சாஸர் இறந்து முந்நூற்றெழுபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு அவருடைய ஓசை மெல்லத் திரும்பியது.

எந்தச் சொல்லில் 'எ' ஒலிக்கும், எதில் ஒலிக்காது, ஏன் என்பதற்கு விதி வேண்டுமே? அந்த விதிகளைத் தந்த மொழிநூலுக்கு ஒரு தூண்டுதல் நம் நாட்டிலிருந்து போயிற்று. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஸர் வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் செய்த பிரசங்கத்தில், ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்றார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் போனார்கள். குழந்தைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் 1822-இல் ஒலி மாற்றங்களுக்கு ஒழுங்கு உண்டு என்று காட்டினார். 'பிதா'வின் பகரம் ஆங்கிலத்தில் 'ஃபாதர்' ஆனது தற்செயல் அல்ல, விதி என்றார். இந்தக் கிரிம் விதியை எம். ஏ.யில் வாய்ப்பாடு மாதிரி நான் நெட்டுருப் போட்டவன். இது எதற்காகப் பிறந்தது, எந்தப் பூட்டுக்குச் சாவி என்று நான் கேட்டதே இல்லை. 'நாமெ' என்ற சாஸரின் சொல்லுக்கு நம் 'நாமம்' சொந்தம் என்பதை மூர் மார்க்கெட் புத்தகம் வந்த பிறகுதான் யோசித்தேன்.

இனி ஸ்கீட்டின் கதைக்கு வருகிறேன். அவர் கணிதம் படித்துப் பாதிரியாரானவர். தொண்டை நோய் வந்து, பிரசங்கம் செய்ய முடியாமல் போயிற்று. 1864-இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிக் கணித ஆசிரியராக உட்கார்ந்தார். அதே வருஷம் லண்டனில் ஃபர்னிவால் என்ற ஒரு விசித்திர மனிதர், பழைய ஆங்கில நூல்களை அச்சிட ஒரு சங்கம் தொடங்கினார். படிப்பால் வக்கீல், சைவ உணவுக்காரர், பிற்காலத்தில் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் படகு விடக் கற்றுக்கொடுத்துச் சங்கம் வைத்தவர். ஆங்கிலப் பேரகராதிக்குப் பழைய சொற்கள் வேண்டும். சொற்கள் வேண்டுமானால் நூல்கள் வேண்டும். நூல்களோ கையெழுத்துப் பிரதிகளில் தூங்குகின்றன. ஆகவே பதிப்பிக்க ஆள் பிடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் ஸ்கீட். எனக்குப் பழைய பிரதிகளைப் படிக்கத் தெரியாதே என்று அவர் தயங்கினாலும், ஃபர்னிவால் விடுகிறவர் அல்ல. கற்றுக்கொண்டே பதிப்பித்தார் ஸ்கீட். 1878-இல் கேம்பிரிட்ஜில் பழைய ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட பேராசிரியர் பதவி அவருக்குத்தான் கிடைத்தது. 1894-இல் சாஸரின் நூல்களை ஆறு பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்தார். நான் வாங்கிய புத்தகம் அந்த உழைப்பின் சுருக்கம். தொண்டை கெட்டுப்போன ஒருவர் சாஸருக்குத் தொண்டை கொடுத்தார் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

இவ்வளவும் காதலால் செய்த வேலை. இது எப்படி என்னைப் போன்ற நோட்ஸ்காரர்கள் கையில் வந்து சேர்ந்தது? அதுவும் ஒரு கதை.

ஆங்கில இலக்கியம் ஒரு பரீட்சைப் பாடமானதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. இந்தியாவை ஆள வருகிற ஸிவில் அதிகாரிகளைப் போட்டிப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று 1850-களில் முடிவாயிற்று. மெக்காலே தலைமையில் வகுத்த திட்டத்தில் ஆங்கிலத்துக்கும் அந்நாட்டுச் சரித்திரத்துக்கும் சேர்த்து 1500 மார்க், கிரேக்கத்துக்கு 750, ஸம்ஸ்கிருதத்துக்கு 375. மார்க் வந்துவிட்டால் பாடமும் வந்துவிடும். ஆனால் ஆக்ஸ்போர்டு மட்டும் நெடுநாள் அசையவில்லை. தாய்மொழியில் கதையும் கவிதையும் படிப்பதற்குப் பட்டமா என்று கேட்டார்கள். 1885-இல் அங்கே ஆங்கிலத்துக்கென்று ஒரு புதிய பதவி ஏற்பட்டபோது, அதில் உட்கார்ந்தவர் ஜெர்மனியில் பணியாற்றிக்கொண்டிருந்த மொழிநூல் நிபுணர் நேப்பியர். 1887-இல் சரித்திரப் பேராசிரியர் ஃப்ரீமன், மொழிநூல் இல்லாத இலக்கியப் படிப்பு என்பது ஷெல்லியைப் பற்றிய வெற்று அரட்டைதான் என்று சபையில் ஏளனம் செய்தார். கடைசியில் 1894-இல் ஆங்கிலப் பாடப்பகுதி அமைந்தது. இது சுலபமான படிப்பு அல்ல என்று காட்ட வேண்டுமே. அதற்காகப் பழைய ஆங்கிலமும் ஒலி விதிகளும் பாடத்தில் கனமாக ஏறின. அந்த ஆரம்ப வருஷங்களில் பெண்கள்தாம் நிறைய வந்து படித்தார்கள். பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் 1920 வரை அவர்களுக்குக் கிடையாது!

கவியின் குரலைத் திருப்பிக் கொடுத்த இலக்கணம், இப்படி மாணவனை வடிகட்டும் சல்லடையாகிவிட்டது. படித்தவர்கள் பலர் வெறுத்தார்கள். வெறுத்ததில் தப்பில்லை. 'பேயோவுல்ஃப்' என்று சாஸருக்கும் நெடுங்காலம் முந்திய ஒரு வீர காவியம் இருக்கிறது. நம் மோனை போல முதலொலி ஒன்றி வரும் 3182 அடிகள். உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான். 1731-இல் லண்டனில் நடந்த ஒரு தீ விபத்தில் ஓரம் கருகித் தப்பியது. அவ்வளவு அருமையாகத் தப்பி வந்த நூலைப் பண்டிதர்கள் சரித்திரத் துணுக்குகளும் பழஞ்சொற்களும் தோண்டும் சுரங்கமாக்கிவிட்டார்கள். அது ஒரு பாட்டு என்பதே மறந்துபோயிற்று.

அதை 1936-இல் எடுத்துச் சொன்னவர் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்த டால்கீன். பிற்காலத்தில் பெரிய கற்பனைக் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான். அவர் ஒரு உவமை சொன்னார். ஒருவன் பழைய கற்களைக் கொண்டு ஒரு கோபுரம் கட்டினான். பின்னால் வந்தவர்கள் கற்களை ஆராய்வதற்காகக் கோபுரத்தையே தள்ளிவிட்டார்கள். அதன் உச்சியில் நின்றால் கடல் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இப்படிச் சொன்ன டால்கீன் இலக்கணத்தின் விரோதி அல்ல; அவரைவிடப் பெரிய இலக்கணக்காரர் அப்போது அங்கே அதிகம் பேர் இல்லை. ஆனால் அவர் வகுப்பில் அந்தக் காவியத்தைக் கணீரென்று சொல்லிக் காட்டுவார். மாணவராக உட்கார்ந்து கேட்ட கவிஞர் ஆடன் அந்தக் குரலை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1938-இல் ஆக்ஸ்போர்டு விழா ஒன்றில் டால்கீன் சாஸர் வேஷம் போட்டுக்கொண்டு மேடையேறி, சேவலும் நரியும் வருகிற சாஸரின் கதையை மனப்பாடமாகச் சொன்னார்.

வாய்விட்டுச் சொல்வது! என் வகுப்பில் அந்தப் பையன் கேட்டதும் அதைத்தானே?

கோடை முழுவதும் ஸ்கீட்டை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உரக்கப் படித்தேன். வீட்டில் இருந்தவர்கள் நான் ஏதோ மந்திரம் ஜபிப்பதாக நினைத்தார்கள். அதுவரை நோட்ஸில் 'பாத்திரப் படைப்பு' என்ற தலைப்பின் கீழ்க் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். அவர்களில் ஓர் ஆக்ஸ்போர்டு மாணவன் உண்டு. அவன் குதிரை எலும்பும் தோலுமாக இருக்கிறது, அவனும் அப்படியே. மேலங்கி நைந்துபோயிருக்கிறது. உத்தியோகம் கிடைக்கவில்லை. கிடைக்கிற காசை எல்லாம் புத்தகத்தில் போட்டுவிட்டு, காசு கொடுத்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறான். படுக்கைத் தலைமாட்டில் இருபது புத்தகம் இருந்தால் போதும், பட்டு வேண்டாம் என்கிறவன். கற்பதிலும் கற்பிப்பதிலும் அவனுக்கு ஒரே அளவு மகிழ்ச்சி என்று சொல்லி முடிக்கிறார் சாஸர். இவனைப் பற்றி எட்டு மார்க் கேள்விக்கு நான் எத்தனை தரம் விடை சொல்லி எழுத வைத்திருக்கிறேன்! ஒரு தரமாவது அவனைக் கண்ணால் பார்த்ததில்லை. சம்பளத்துக்குக் கற்பித்தேனே தவிர, மகிழ்ந்து கற்பித்ததும் இல்லை.

கல்லூரி திறந்தது. கேட்ட பையன் இறுதி வகுப்புக்கு வந்திருந்தான். முகவுரையும் பரீட்சைக்கு இன்னும் பாக்கி இருந்தது. நோட்ஸ் எடுப்பதற்குத் தயாராக எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத்தைப் பிரித்து அந்த ஏழை மாணவனைப் பற்றிய அடிகளை மெதுவாக, கடைசி 'எ'க்களை எல்லாம் விடாமல் படிக்க ஆரம்பித்தேன். பின் பெஞ்சில் யாரோ சிரித்தான். முன் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "ஸார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான்.

"வராது" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேனாவை மூடிக் கீழே வைத்தார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்தவன் மட்டும் ஏற்கெனவே மூடி வைத்திருந்தான். நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.